கொடிமலையும் குடியிருப்பும்

நிலத்தை ஐவகையாகப் பகுத்த பண்டைத் தமிழர் மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி எனக் கூறினர். சேயோனை அதன் தெய்வமாக வைத்துப் போற்றினர். மலையில் வாழ்வார்க்கு அது தாயகம். சமவெளியிலிருந்து ஏறிச் சென்று தங்க விழைவார்க்கோ எவ்விடத்தில் தங்குவது என்பதே முதல் வினா. நீர் அருகில் வேண்டும். ஆயின் வெள்ளம் அணுகலாகாது. காற்று வேண்டும், ஆயின் சரிவு உறுதியாக இருத்தல் வேண்டும். இவ்வினாவுக்குப் பினாங்குத் தீவு அளித்த விடைகளே அதன் மலை வரலாறு எனலாம்.

1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் இத்தீவில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவினார். காடு வெட்டப்பட்டது, ஜார்ஜ் டவுன் எழுந்தது, உடன் காய்ச்சலும் பரவிற்று. சதுப்பு நிலத்தினின்று எழும் நச்சுக்காற்றே நோய்க்குக் காரணம் என அக்கால மருத்துவர் நம்பினர். எனவே குளிர்ந்த உயரத்தை நாடினர். லைட் மலைக்குக் குதிரைப் பாதை அமைப்பித்தார். அங்கே அவர் பயிரிட்ட பழத்தின் பெயரால் ஓர் உச்சி ஸ்ட்ராபெரி குன்று எனப்பட்டது என்பர். ஆயினும் மலையைக் கண்டவர் மலேரியாவுக்குத் தப்பினாரல்லர்; 1794இல் அந்நோயாலேயே மாண்டார்.

மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் இருப்பதை 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டறிந்தார். முன்னோர் கூறிய காரணம் பிழையாயினும் அவர்கள் தேர்ந்த இடம் பிழையன்று. குளிர்ந்த உயரங்களில் அக்கொசு குறைவு. மதுரையிலிருந்த அமெரிக்க சமயப் பரப்பாளர்கள் 1845இல் கோடைக்கானலில் இல்லங்கள் எழுப்பியதும் காய்ச்சலுக்கு அஞ்சியே. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே பினாங்கு அவ்வழியில் சென்றுவிட்டது.

மலைமீது கொடிமரம் நட்டுக் கப்பல்களின் வரவை நகருக்கு அறிவித்தனர். அதனால் மலாயில் புக்கிட் பெண்டேரா என்றும் தமிழில் கொடிமலை என்றும் பெயர் வழங்கலாயிற்று. உச்சியின் பங்களாக்களில் அதிகாரிகளும் செல்வரும் தங்கினர். அவர்களுள் பலர் நாற்காலிப் பல்லக்கில் அமர்ந்தே ஏறினர். சுமந்து ஏறியவர் வேறு. இடத்தைத் தேர்ந்தவர் ஒருவர், வியர்வை சிந்தியவர் மற்றொருவர் என்னும் உண்மையை வரலாறு மறைத்தலாகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய மலை இரயில் முயற்சி தோல்வியுற்றது. பின்னர்ப் புதிய பாதை அமைக்கப்பெற்று 1923இல் வண்டி ஓடலாயிற்று. 1924 ஜனவரி 1ஆம் நாள் முறைப்படி திறக்கப்பெற்றது. அதன் பின்னரே எளியோரும் கொடிமலையின் குளிர்காற்றை நுகர்ந்தனர். இன்று உச்சியில் முருகன் கோயிலும் அருகே பள்ளிவாசலும் நிற்கின்றன. குறிஞ்சித் தெய்வம் கடல் கடந்தும் தன் நிலத்தைக் கண்டுகொண்டது போலும்!

எல்லாரும் ஏற வழி பிறந்தபின் வினாவும் மாறிற்று. எங்கே தங்குவது என்பது போய், எவ்வளவு கட்டுவது என்பது முன்னின்றது. 1990ஆம் ஆண்டளவில் மலையில் பெருங்கட்டடங்கள் எழுப்ப ஒரு திட்டம் வந்தது. மக்கள் எதிர்த்தனர், திட்டம் கைவிடப்பட்டது. 2017 நவம்பரில் பெய்த பெருமழையில் தீவின் சரிவுகள் பல சரிந்தன. அன்று எதிர்த்தவரின் அச்சம் வீணன்று என்பதை அம்மழை உணர்த்திற்று.

தீவின் வடமேற்கு மூலையில் 2003இல் பினாங்குத் தேசியப் பூங்கா நிறுவப்பெற்றது. காடும் கடலும் சேர்ந்த அப்பூங்காவில், ஆமைகள் முட்டையிடும் கெராச்சுட் கடற்கரை கூடாரமிடுவோர் நாடும் இடமாயிற்று. 2021இல் கொடிமலையும் இப்பூங்காவும் உள்ளிட்ட 12,481 ஹெக்டேர் பரப்பை யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது.

பங்களா இருநூறாண்டு நிற்க எண்ணியது. கூடாரம் ஓரிரவே நிற்கும். ஓடைக்கரையையும் சரிவின் அடியையும் பட்ட மரத்தின் நிழலையும் விலக்கி மேட்டில் அதனை நாட்டுபவர் தம் உயிரைக் காக்கிறார். ஆமை ஏறும் மணலை விட்டு ஒதுங்குபவர் பிற உயிரையும் காக்கிறார். விடியலில் கூடாரம் அகன்றபின் அவ்விடம் முன்போலவே இருக்குமாயின், அதுவே நல்ல தேர்வு.