ஏஷியாஸ்டார் பார்த்த வைட்டிலா

கொச்சியின் பெயரில் ஆகாசவாணி நிலையம் வந்தது 1989-இல். அதற்கு முன் கொச்சியின் ஒரு பகுதியான வைட்டிலாவின் வீடுகளுக்குத் துணை, 1956 முதல் ஒலித்துவந்த திருச்சூர் நிலையம். அதை விட்டால் சிற்றலையில் ஏறியும் இறங்கியும் வரும் இலங்கை வானொலி. தனியார் பண்பலை கேரளத்தில் காலடி வைத்ததே 2007 இறுதியில்தான். பாட்டுக்கு இப்படிப் பஞ்சமாக இருந்த ஆண்டுகளில்தான் விண்ணிலிருந்து ஒரு வானொலி வந்தது. அதன் பெயர் வேர்ல்ட்ஸ்பேஸ்.

எத்தியோப்பியாவில் பிறந்த வழக்கறிஞர் நோவா சமாரா 1990-இல் வாஷிங்டனில் தொடங்கிய நிறுவனம் அது. செய்தியும் கல்வியும் எட்டாத ஆப்பிரிக்க, ஆசிய ஊர்களுக்கு வானொலியைக் கொண்டுசெல்வது அவர் கனவு. 1998 அக்டோபரில் ஆஃப்ரிஸ்டார், 2000 மார்ச்சில் ஏஷியாஸ்டார் என இரண்டு செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டன. ஹிட்டாச்சி, ஜேவிசி, பானசோனிக், சான்யோ ஆகியவை முதல் பெட்டிகளைச் செய்தன. இந்தியத் தலைமையகம் பெங்களூரு. விளம்பர முகம் ஏ.ஆர். ரஹ்மான். மலையாளத்துக்கு ஆர்.எம். ரேடியோ, தமிழுக்குக் கே.எல். ரேடியோ, இருபத்துநான்கு மணி நேரமும் கர்நாடக இசைக்கு ஸ்ருதி. நள்ளிரவில் தோடி ஆலாபனை கேட்கலாம் என்பது அன்றைய ரசிகருக்குச் சின்ன விஷயம் இல்லை.

ஏஷியாஸ்டார் நின்ற இடம் பூமத்திய ரேகைக்கு மேலே, 105 பாகை கிழக்குத் தீர்க்கரேகை. வைட்டிலாவிலிருந்து பார்த்தால் கிழக்கே, கொஞ்சம் தெற்குப் பக்கமாக, தரையிலிருந்து சுமார் 55 பாகை உயரத்தில். பெட்டியோடு வரும் தட்டையான சிறு ஆன்டெனாவைக் கிழக்கு ஜன்னலில் வைத்து, பெட்டி காட்டும் சிக்னல் அளவைப் பார்த்தபடி அங்குலம் அங்குலமாகத் திருப்ப வேண்டும். குறுக்கே ஒரு தென்னை நின்றாலே போதும், பாட்டு அறுந்துவிடும். ஆனால் கொச்சியின் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழைக்கு இந்த வானொலி அசைந்து கொடுக்கவில்லை. டிடிஎச் அலைகள் 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேலானவை. பெருமழை அவற்றை விழுங்கிவிடும். வேர்ல்ட்ஸ்பேஸ் பயன்படுத்திய எல் பேண்டோ 1.5 கிகாஹெர்ட்ஸை ஒட்டியது. மழைத்துளி அதற்குப் பொருட்டே அல்ல. தடை சுவரும் கூரையும் நனைந்த ஓலையும்தான்.

சரி, ஒலி எப்படி இருந்தது? இரைச்சல் இல்லை, மங்கல் இல்லை. சிற்றலையோடு மல்லாடிய காதுக்கு அதுவே பெரிய விடுதலை. ஆனால் இரைச்சல் இல்லாததும் நல்ல ஒலியும் ஒன்றல்ல.

செயற்கைக்கோளின் ஒவ்வொரு கதிரிலும் இரண்டு அலைகள். ஒவ்வொரு அலையிலும் 96 கூறுகள், ஒரு கூறு வினாடிக்கு 16 கிலோபிட். ஆக மொத்தம் 192 கூறுகள். குறுந்தகட்டை நெருங்கும் ஒலிக்கு எம்பி3 முறையில் 128 கிலோபிட், அதாவது எட்டுக் கூறுகள் தேவை. அப்படிக் கொடுத்தால் 24 நிலையங்களோடு கதிர் நிரம்பிவிடும். 64 ஆகக் குறைத்தால் 48 நிலையங்கள். பந்தியில் இலை கூடக்கூடச் சோறு குறைவது போலத்தான். நிலையங்களின் எண்ணிக்கையைச் சொல்லிச் சந்தா விற்கும் தொழிலில் ஒலி எந்தப் பக்கம் சாயும் என்பதை ஊகிக்கலாம்.

எம்பி3 முறையை உருவாக்கியதில் ஜெர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. காதுக்குக் கேட்காது என்று கணித்ததை இந்த முறை கழித்துவிடும். செய்தி வாசிப்புக்கு 16, 32 கிலோபிட்டே போதும். இசையில்தான் சிக்கல், அதிலும் நம் இசையில். பஞ்சாரி மேளத்தில் செண்டைக் கோல் விழும் கணம் கூர்மையானது. பிட் போதாவிட்டால் அடிக்கு ஒரு நொடித்துணுக்கு முன்பே ஒரு சலசலப்பு பரவும். இலத்தாளத்தின் ஓசை உயர் அதிர்வெண்களில் நிறைந்து கிடப்பது. 16 கிலோஹெர்ட்ஸ் வீதத்தில் மாதிரி எடுத்தால் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவுமே மிஞ்சாது. தம்புராவின் மீட்டலில் அடுக்கடுக்காக எழும் மேல்சுரங்களுக்கும் அதே கதி. முறையைக் குறை சொல்ல முடியாது, குறை பங்கீட்டில்.

அமெரிக்காவில் 2001-இல் ஒலிபரப்பைத் தொடங்கிய இன்னொரு செயற்கைக்கோள் வானொலியான எக்ஸ்எம், அதே பிட்டில் கூடுதலாக ஒலி தரும் ஏஏசி-பிளஸ் முறையை எடுத்துக்கொண்டது. நகரங்களில் தரைவழி மறுஒலிபரப்புக் கோபுரங்களை நட்டது. கார் ஓடும்போதும் பாட்டு நிற்கவில்லை. எக்ஸ்எம்மின் தொடக்கத்தில் வேர்ல்ட்ஸ்பேஸுக்கே முதலீடு இருந்தது. இந்தியாவிலோ அத்தகைய கோபுரங்களுக்கு அனுமதி வரவேயில்லை. வைட்டிலா பைபாஸில் எறும்பாக ஊரும் வண்டிகளுக்குள்தான் வானொலிக்கு உண்மையான கேட்பாளர்கள் இருந்தார்கள். அவர்களை ஏஷியாஸ்டார் எட்டவில்லை. ஜன்னலோரத்திலேயே அது நின்றுபோனது.

2008 அக்டோபரில் வேர்ல்ட்ஸ்பேஸ் நிறுவனம் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கோரியது. சந்தாதாரர்களில் பெரும்பாலோர் இந்தியர். 2009 டிசம்பர் 31-உடன் இந்தியச் சேவை நின்றது. அந்தப் பெட்டிகளின் செயற்கைக்கோள் வானொலி ஒரே இரவில் ஓய்ந்துபோனது.

வைட்டிலா மொபிலிட்டி ஹப் 2011-இல் திறந்தபோது ஊரில் பண்பலை நிலையங்கள் பெருகிவிட்டன. ஆனால் பெரும்பாலும் சினிமாப் பாட்டு. நாள் முழுதும் சாஸ்திரிய இசைக்கு ஓர் ஒலிபரப்பை ஆகாசவாணி 2016 ஜனவரி 26 அன்று தொடங்கியது, பெயர் ராகம். பெங்களூரிலிருந்து அது டிடிஎச் வழியாகவும் இணையத்திலும் வருகிறது.