உடையவர் பலர், ஆள்பவர் சிலர்

காலிக் கோட்டையின் பழைய வாயிலைக் கடப்போர், அதன் உட்புறத்தே 1669 என்னும் ஆண்டுடன் செதுக்கப்பெற்ற இலச்சினை ஒன்றைக் காண்பர். அது ஒரு மன்னனின் இலச்சினை அன்று. வணிகர் கூட்டம் ஒன்றின் அடையாளம். 1658 இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியதும் அதே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியே. அக்கம்பனிக்கு உடையவர் யாவர்? அதனை ஆண்டவர் யாவர்? இவ்விரு வினாக்களுக்கும் விடை ஒன்றன்று. அதன் உயர்வுக்கும் தாழ்வுக்கும் உரிய காரணங்களுள் ஒன்று அங்கேதான் மறைந்து கிடந்தது.

1602 இல் கம்பனி அமைந்தபோது, நாட்டு மக்கள் எவரும் பங்கு கொள்ளலாம் என்றது அதன் பட்டயம். அம்ஸ்ரர்டாம் நகரில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பணம் இட்டனர். பெருவணிகரின் பல்லாயிரம் கில்டர் பதிவான அதே ஏட்டில், வீட்டுப் பணிப்பெண் ஒருத்தியின் 100 கில்டரும் பதிவாயிற்று. ஆறு நகரங்களிலும் திரண்ட முதல் ஏறத்தாழ 64 இலட்சம் கில்டர். ஆயின் நிருவாகமோ நகரச் சபைகளின் பணிப்பாளர் கையிலும், அவர்தம் பேராளராகக் கூடிய பதினெழுவர் கையிலும் இருந்தது. அவர்களை நியமிக்கவோ நீக்கவோ சாதாரண பங்குதாரருக்கு உரிமையில்லை. பணிப்பாளரின் ஊதியமும் முதலில் இலாபத்தைப் பொறுத்ததாக அமையவில்லை. கப்பல்களை ஆயத்தஞ் செய்யும் செலவிலும், வந்திறங்கும் சரக்கின் பெறுமதியிலும் நூற்றுக்கு ஒன்று என அது விதிக்கப்பட்டது. செலவு பெருகினும் ஊதியம் பெருகும் என்பதே இதன் பொருள்.

1609 இல் ஐசாக் லெ மேயர் என்னும் முன்னாட் பணிப்பாளர் நிருவாகத்தைக் கண்டித்து அரசுக்கு முறையிட்டார். பங்கு விலை வீழ்ந்தால் ஆதாயம் பெறும் நிலையில் அவர் இருந்தார் என்பது உண்மையே. எனினும் அவர் எழுப்பிய வினா பொய்யன்று. பத்தாண்டு முடிவில் பொதுக்கணக்குக் காட்டப்படும் என்ற வாக்குறுதியும் 1612 இல் நிறைவேறவில்லை. முதலைத் திரும்பப் பெற விரும்பியவர் தம் பங்கைச் சந்தையில் விற்றே வெளியேற வேண்டியதாயிற்று. 1622 இல் துண்டுப் பிரசுரங்கள் வாயிலாகக் கிளர்ச்சி எழுந்தது. அதன் பின் புதுப்பிக்கப்பட்ட பட்டயம் பெரும் பங்குதாரருக்குச் சில மேற்பார்வை உரிமைகளை அளித்தது. சிறியோர் நிலை மாறவில்லை.

எனினும் அவ்வமைப்பால் நன்மையும் விளைந்தது. ஆங்கிலக் கம்பனியார் தொடக்கத்தில் பயணந்தோறும் முதலைத் திரட்டிப் பின் பிரித்துக்கொண்டனர். 1657 இலேதான் நிலையான முதலை அமைத்தனர். ஒல்லாந்தரோ கலையாத முதலைக் கொண்டு கப்பல்களைப் பெருக்கினர், கோட்டைகளை எழுப்பினர், தொலைவிலுள்ள சந்தைகளில் நீண்டகாலம் காத்திருந்து வணிகஞ் செய்தனர்.

அவ்வமைப்பின் குறையோ மெல்லவே வெளிப்பட்டது. கீழைத்தேசங்களில் கம்பனி ஊழியர் குறைந்த சம்பளத்தை ஈடுசெய்யத் தம் சொந்த வணிகத்தை இரகசியமாக நடத்தினர். கடன் வளர்ந்தபோதும் உட்கணக்கு உடையவர் கண்ணிற் படவில்லை. 1780 இல் மூண்ட ஆங்கிலப் போர் அதன் வலிமையை முறித்தது. 1796 இல் இலங்கை ஆங்கிலேயர் வசமாயிற்று. 1799 ஆம் ஆண்டின் இறுதியுடன் பட்டயமும் முடிவுற்றது. கடன் அரசின் தலையில் விழுந்தது.

முதல் நிலைத்திருந்தமை கம்பனியை வளர்த்தது. கணக்குக் கேட்கும் உரிமை இன்மை அதனை உள்ளிருந்து அரித்தது. பணம் இட்டவருக்குப் பங்கை விற்கும் உரிமை மட்டும் போதாது. தம் பணம் என்னவாயிற்று என்று கேட்கும் உரிமையும் வேண்டும். 100 கில்டர் இட்ட பணிப்பெண்ணுக்கும் அவ்வுரிமை உண்டு.