மாயாபுரிக்குப் போன காமா செல்

கதிரியக்கப் பொருள்களை வகை பிரிப்பதை நான் முதலில் ஒரு அட்டவணையாகத்தான் படித்தேன். சர்வதேச அணுசக்தி முகமை 1 முதல் 5 வரை பிரிக்கிறது. கவசமில்லாத 1ஆம் வகை மூலத்தின் அருகே சில நிமிடங்கள் முதல் ஒரு மணி நேரம் வரை இருந்தாலே உயிர் போகலாம். 5ஆம் வகையில் அப்படி ஆபத்து இல்லை. இதில் என்ன வரலாறு இருக்கிறது என்று கேட்டால், டெல்லி மாயாபுரியைச் சொல்வேன்.

டெல்லி பல்கலைக்கழக வேதியியல் துறை 1968ல் கனடாவிலிருந்து ஒரு காமா செல் வாங்கியது. உள்ளே கோபால்ட்-60. 1985க்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. 2010 பிப்ரவரியில் பழைய சாமான்களோடு ஏலத்தில் போய்விட்டது. மாயாபுரி காயலான் கடையில் ஈயக் கவசத்தைப் பிரித்தார்கள். ஒருவர் ஒரு சிறு துண்டைப் பர்ஸிலேயே வைத்திருந்தார். ஏப்ரலில் ஒரு தொழிலாளி இறந்தார். பலருக்குக் கதிர்வீச்சுக் காயம்.

கோபால்ட்-60இன் அரை ஆயுள் 5.27 ஆண்டு. 42 வருடத்தில் எட்டு அரை ஆயுள் கழிந்துவிட்டது. அதாவது வாங்கியபோது இருந்ததில் ஏறக்குறைய 250ல் ஒரு பங்குதான் மிச்சம். அந்த மிச்சமே கொன்றது! "பழசு, சக்தி போயிருக்கும்" என்ற நினைப்பு எவ்வளவு ஆபத்தானது பாருங்கள்.

சரி, பொறுப்பு யாருடையது? கருவி வந்தபோது விதிகளே இல்லை. கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் 1971ல் வந்தன, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983ல். 2004 விதிகள் வேலை கொடுப்பவர், உரிமம் பெற்றவர், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர், தொழிலாளி என ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடமை சொல்கின்றன. ஆனால் 1985லேயே தூங்கப்போன கருவிக்கு இதையெல்லாம் யார் எடுத்துச் சொல்வது? எங்கள் மென்பொருள் துறையிலும் இதே கதைதான். எழுதியவர் போய்விட்ட சர்வரை அணைக்க எல்லோருக்கும் பயம், அது என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. இங்கே அந்தப் பயம்கூட இல்லை, ஏலம் விட்டுவிட்டார்கள்.

வாரியம் பல்கலைக்கழகத்துக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது, கதிரியக்க மூலங்களைப் பயன்படுத்தவும் தடை போட்டது. கடையில் கவசத்தைப் பிரித்தவர்களுக்கு அந்த ஐந்து வகைகளைப் பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை.