துணிவு அன்றும் இருந்தது

2017 ஜூன் மாதம் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ நகரில் அமெரிக்கத் தடகள சாம்பியன்ஷிப் நடந்தது. பெண்கள் 1500 மீட்டர் தகுதிச் சுற்றில் ஓடியவர்களில் ஒருவரான கேப்ரியேல் க்ரூன்வால்ட் அப்போது கீமோதெரபி எடுத்துக்கொண்டிருந்தார். ஈரலில் அறுவை செய்த நீண்ட தழும்பு வயிற்றில் எல்லோருக்கும் தெரிந்தது. தன் சுற்றில் அவர் கடைசியாக வந்தார். சக வீராங்கனைகள் அவரைச் சூழ்ந்து நின்று பிரார்த்தனை செய்தார்கள். சிகிச்சையின் நடுவே களமிறங்கும் இளம் வீரர்களைப் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் அதை மன உறுதியின் வெற்றியாகவே சொல்லிப் பழகியிருக்கிறோம். அவர்களுடைய உறுதியில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதை மட்டும் சொன்னால் வரலாற்றில் பாதி மறைந்துவிடுகிறது. துணிவுள்ள வீரர்கள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள். அவர்கள் மீண்டும் களத்துக்கு வரக் காரணமானவை கடந்த ஐம்பது ஆண்டுகளில் மருத்துவத்திலும் மருத்துவர்களின் எண்ணத்திலும் நேர்ந்த மாற்றங்கள்.

இரண்டு வீரர்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும். 1969 நவம்பரில் சிகாகோ பேர்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து வீரர் பிரையன் பிக்கலோ, அட்லாண்டாவில் நடந்த ஆட்டத்தில் ஒரு டச்டவுன் எடுத்தபின், மூச்சு விடச் சிரமப்பட்டுத் தாமாகவே களத்திலிருந்து வெளியேறினார். அவர் மார்புக்குள் கட்டி இருந்தது. அது இனப்பெருக்க அணுக்களை உண்டாக்கும் செல்களிலிருந்து தோன்றும் வகைப் புற்றுநோய். அடுத்த ஆண்டு ஜூன் 16 அன்று, 26 வயதில், அவர் இறந்தார். 2011 மார்ச் 20 அன்று சென்னை சேப்பாக்கத்தில் உலகக் கோப்பை கிரிக்கெட் ஆட்டத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஆடிய யுவராஜ் சிங் ஆடுகளத்திலேயே வாந்தி எடுத்தார். ஆனாலும் நின்று 113 ரன் குவித்தார். அந்த உலகக் கோப்பையில் 362 ரன்னும் 15 விக்கெட்டும் எடுத்துத் தொடர் நாயகனும் ஆனார். அவருக்கும் நுரையீரல்களுக்கு நடுவே, அதே குடும்பத்தைச் சேர்ந்த கட்டி இருந்தது பின்னர்தான் தெரிந்தது. 2012-இல் அமெரிக்காவில் கீமோ முடித்துத் திரும்பியவர், அதே ஆண்டு செப்டம்பர் 11 அன்று அதே சேப்பாக்கத்தில் நியூசிலாந்துக்கு எதிராக மறுபடி இந்தியாவுக்காக ஆடினார்.

பிக்கலோவைவிட யுவராஜுக்கு நெஞ்சுரம் அதிகம் என்று யாரும் சொல்லத் துணிய மாட்டோம். இருவருக்கும் இடையில் வந்தது ஒரு மருந்து. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க் 1965-இல் பாக்டீரியாக்களின் மீது மின்புலத்தைச் செலுத்தி ஆராய்ந்தபோது, மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம் செல் பிரிவதைத் தடுப்பதைக் கண்டார். அதிலிருந்து பிறந்தது சிஸ்பிளாட்டின். இண்டியானாவில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் 1974-இல் அதை வேறு இரு மருந்துகளோடு சேர்த்து, இதே குடும்பத்தைச் சேர்ந்த விரைப்புற்று பரவிவிட்ட நோயாளிகளுக்குக் கொடுத்தார். அதுவரை இப்படிப்பட்ட நோயாளிகளில் பத்தில் ஒருவர் பிழைப்பதே அரிது; அதன்பின் பெரும்பாலோர் பிழைத்தார்கள். யுவராஜ் சிகிச்சைக்குச் சென்றதும் இதே ஐன்ஹார்னிடம்தான். இங்கே ஒரு மறுப்பு நியாயமானது: யுவராஜுக்கு வந்த செமினோமா என்ற வகை, பிக்கலோவுக்கு வந்த வகையைவிட மருந்துக்கு எளிதில் கட்டுப்படும். உண்மைதான், ஆகவே இந்த ஒப்பீட்டை அளவோடுதான் கொள்ள வேண்டும். ஆனால் பிக்கலோவின் வகைக்கும் அவர் இறந்த சில ஆண்டுகளிலேயே குணமாகும் வாய்ப்பு பிறந்தது என்பது, உறுதி வீரனுடையது என்றாலும் வாய்ப்பு காலம் தருவது என்பதையே காட்டுகிறது. சிகிச்சையின் நடுவே எழுந்து நடக்கவும் இப்படித்தான் வழி பிறந்தது. சிஸ்பிளாட்டின் உண்டாக்கும் கடும் வாந்தியை அடக்கும் ஒண்டான்செட்ரான், வெள்ளணுக்களை மீட்டெடுக்கும் ஃபில்கிராஸ்டிம் ஆகிய இரண்டும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1991-இல்தான்.

மருந்து மட்டும் போதவில்லை; எண்ணமும் மாற வேண்டியிருந்தது. புற்றுநோயாளி என்றால் படுத்திருக்க வேண்டும் என்பது நெடுங்காலம் மருத்துவமனைகளிலும் வீடுகளிலும் வழக்கமாக இருந்தது. அன்பில் பிறந்த வழக்கம்தான், ஆனால் சோதித்துப் பார்த்துச் சொன்னதல்ல. அதை முதலில் அசைத்தவர்களில் செவிலியர்கள் இருந்தார்கள். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மேரில் வின்னிங்ஹாமும் சக ஆய்வாளர்களும், கீமோ எடுத்துக்கொண்டிருந்த மார்பகப் புற்றுநோயாளிகளைப் பத்து வாரம் நிலையான சைக்கிளில் பயிற்சி செய்ய வைத்தார்கள். 1989-இல் வெளியான முடிவுகளின்படி அந்தப் பெண்களின் உடல்திறன் தெளிவாகக் கூடியிருந்தது. 1996-இல் வான்கூவரில் டாக்டர் டான் மெக்கென்ஸி, மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களைக் கொண்டு டிராகன் படகுக் குழு ஒன்றை அமைத்தார். கையை வருத்தினால் நிணநீர் தேங்கி வீங்கிவிடும் என்று அன்று எச்சரித்துவந்தார்கள். அந்தப் பருவம் முழுதும் துடுப்பு போட்டும் ஒருவருக்கும் புதிதாக வீக்கம் வரவில்லை. 2010-இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி, சிகிச்சையின்போதும் பின்னும் உடற்பயிற்சி பாதுகாப்பானது, சும்மா இருப்பதைத் தவிருங்கள் என்று வெளிப்படையாக அறிவுறுத்தியது. க்ரூன்வால்ட் 2017-இல் ஓடிய ஓட்டத்துக்குப் பின்னால், வேறு பெண்கள் மிதித்த சைக்கிளும் வலித்த துடுப்பும் இருக்கின்றன.

இதற்கு எதிராகக் கனமான ஒரு வாதம் உண்டு: க்ரூன்வால்ட் பிழைக்கவில்லையே! உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்று 2009-இல் கண்டறியப்பட்ட பின்னும் 2012 ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் நான்காவதாக வந்து ஓரிட வித்தியாசத்தில் வாய்ப்பை இழந்தவர், 2014-இல் 3000 மீட்டர் உள்ளரங்கத் தேசியப் பட்டம் வென்றவர், 2019 ஜூன் 11 அன்று 32 வயதில் மறைந்தார். இந்த மரணம் என் வாதத்தை உடைக்கவில்லை, உறுதிப்படுத்துகிறது. ஓட்டமும் உறுதியும் நோயை வெல்லும் என்று சொன்னால், இறந்தவர்கள் சரியாகப் போராடவில்லை என்று மறைமுகமாகக் குற்றம் சாட்டியதாகிவிடும். அவரைத் தாக்கிய அரிய வகைப் புற்றுக்கு, விரைப்புற்றுக்கு சிஸ்பிளாட்டின் கிடைத்ததுபோல ஒரு மருந்து இன்னும் கிடைக்கவில்லை. குறை அங்கே இருக்கிறது, அவரிடத்தில் இல்லை. அதை உணர்ந்தே அவர் தம் பெயரில் அறக்கட்டளை தொடங்கி அரிய புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டினார்.

இன்னொரு எச்சரிக்கையும் சரியானது. சிகிச்சையில் இருப்பவர் போட்டியில் இறங்குவது ஆபத்தாகலாம். பிளியோமைசின் நுரையீரலையும், டாக்ஸோரூபிசின் இதயத்தையும் பாதிக்கக்கூடியவை. வெள்ளணு குறைந்த நாளில் சாதாரணத் தொற்றுகூட உயிருக்கு உலை வைக்கும். ஆகவே வீரரைப் பார்த்து மற்ற நோயாளிகளும் ஓட வேண்டும் என்பது பொறுப்பற்ற பேச்சு. அவர்களுக்குப் பயன்படும் செய்தி வேறு. கனடா, ஆஸ்திரேலியா உள்ளிட்ட நாடுகளில் குடல் புற்றுக்கான அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2025-இல் வெளியானது. வழிகாட்டலுடன் மூன்றாண்டு உடற்பயிற்சி செய்தவர்களில் எட்டாண்டு கழித்து உயிரோடு இருந்தோர் 90.3 விழுக்காடு, ஆலோசனைக் குறிப்பு மட்டும் பெற்றவர்களில் 83.2 விழுக்காடு. அவர்கள் பதக்க வீரர்கள் அல்லர். பெரும்பாலோர் செய்தது வேகநடை போன்ற பயிற்சிதான். சிகிச்சை முடிந்த பிறகான ஆய்வு இது, கீமோ நடக்கும்போதே பலன் இதே அளவில் வரும் என்று இதை நீட்டிச் சொல்ல முடியாது. ஆனால் படுத்தே இருப்பதுதான் பாதுகாப்பு என்ற பழைய நம்பிக்கை இதற்குமுன் நிற்காது.

சிகிச்சைக்கு நடுவே களமிறங்கும் இளம் வீரரைப் பார்த்துக் கைதட்டுவோம், தட்ட வேண்டும். அதோடு, அவருக்கு மருத்துவரும் பயிற்சியாளரும் உடலியக்க வல்லுநரும் அளந்து தந்த அந்தக் கவனிப்பு, அரசு மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும் அதே வயது நோயாளிக்கும் கிடைக்கிறதா என்று கேட்பதுதான் வரலாறு நமக்குக் கற்றுத்தரும் பாடம். கீமோ சீட்டில் மருந்தின் அளவை எழுதுவதுபோல, எவ்வளவு நடக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் மருத்துவர் எழுதித் தர வேண்டும். அதைப் பார்த்துச் சொல்லிக்கொடுக்க ஆளும் வேண்டும். துணிவை யாரும் யாருக்கும் கொடுக்க முடியாது. மருந்தையும் வழிகாட்டலையும் கொடுக்க முடியும், அதைக் கொடுப்பது நம் பொறுப்பு.