கிசோர் குமாரின் குரல் நிறுத்தப்பட்ட கதை

ரவாங் வட்டாரத் தோட்டங்களில் எங்கள் பெற்றோர் வாழ்ந்த காலத்தில் தமிழ் வானொலி என்றால் அரசாங்க வானொலி ஒன்றுதான். அதில் ஒலிக்காத பாடல் அவர்கள் வரையில் பிறக்காத பாடலே. (இசைத்தட்டு வாங்கும் வசதி எத்தனை வீடுகளில் இருந்தது?) இந்தியாவிலும் வானொலி அரசின் கையில்தான் இருந்தது. இதனை மனத்தில் கொண்டால் 1976-இல் இந்திப் பாடகர் கிசோர் குமாருக்கு நேர்ந்தது தெளிவாக விளங்கும்.

1975 ஜூன் 25-இல் இந்திரா காந்தியின் அரசு நெருக்கடிநிலையைக் கொண்டுவந்தது. வித்யா சரண் சுக்லா தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். அரசின் இருபது அம்சத் திட்டத்தைப் பரப்புவதற்குத் திரைக்கலைஞர்கள் துணைநிற்க வேண்டுமென அமைச்சு எதிர்பார்த்தது. கிசோர் குமார் இணங்கவில்லை. 1976 மே மாதம் அவருடைய பாடல்கள் அகில இந்திய வானொலியிலும் தூர்தர்ஷனிலும் நிறுத்தப்பட்டன. 1969-இல் வெளிவந்த 'ஆராதனா' படத்திற்குப் பின் நாடே கேட்ட குரல் அது! பாடகர் ஒருவரைத் தடுத்தால் இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் சேர்ந்தே வாயடைக்கப்படுகின்றனர் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கிசோர் குமார் பல படங்களில் பின்னணி பாடிய நடிகர் தேவ் ஆனந்தும் அரசைப் புகழ மறுத்ததால் தொலைக்காட்சியில் ஒதுக்கப்பட்டார்.

அமெரிக்காவில் இதே வேலை வேறு விதமாக நடந்தது. 1950-இல் 'ரெட் சேனல்ஸ்' என்னும் சிறுநூல் ஒலிபரப்புத் துறையைச் சார்ந்த 151 பேரைப் பொதுவுடைமைச் சார்புடையோர் எனப் பட்டியலிட்டது. வெளியிட்டவர்கள் தனியார், அஞ்சியவர்கள் விளம்பரதாரர்கள். ஆயினும் அங்கே நீதிமன்றம் செல்ல வழியிருந்தது. வேலையிழந்த வானொலிக் கலைஞர் ஜான் ஹென்றி பால்க் வழக்குத் தொடுத்து 1962-இல் வென்றார். நெருக்கடிநிலை இந்தியாவிலோ அடிப்படை உரிமைகளுக்காக நீதிமன்றம் செல்லும் உரிமையே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது.

1977 தேர்தலில் ஆட்சி மாறியது. புதிய அரசு அமைத்த ஷா ஆணையம் கிசோர் குமார் மீதான தடையையும் விசாரித்தது. அதிகாரிகள் நடந்துகொண்ட விதம் அறிக்கையில் ஏறியது. அவ்விசாரணை நடந்திராவிட்டால், "அன்று ஏனோ அவர் பாட்டைப் போடவில்லை" என்ற வாய்வழிச் செய்தியே நமக்கு எஞ்சியிருக்கும் என்பது என் கருத்து.

நம் நாட்டுக் கதையும் ஒன்றுண்டு. அரசியல் மறுப்பு அன்று, தலைமுடி! 1992-இல் தகவல் அமைச்சர் முகமது ரஹ்மாட், நீண்ட முடி வைத்திருந்த ராக் பாடகர்களை ஆர்.டி.எம்.மில் தோன்றவிடவில்லை. சர்ச், விங்ஸ் குழுப் பாடகர்கள் இறுதியில் முடியை வெட்டிக்கொண்டனர். அன்று பள்ளிப் பிள்ளைகளாய் இருந்த பெற்றோர் பலருக்கு இது நினைவிருக்கும், பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், முதலில் சிரிப்பார்கள், பிறகு "ஏன்?" என்று கேட்பார்கள்.