தகுதிச் சான்றுக்குப் பிறகு: கிளைடர் விளையாட்டும் வெள்ளிச் சின்னமும்

ஒரு கிளைடர் பயிற்சி மையத்தின் வெற்றியை, அங்கே எத்தனை பேர் தனித்துப் பறக்கத் தகுதி பெற்றனர் என்பதைக் கொண்டே அளப்பது வழக்கம். அவர்களுள் எத்தனை பேர் மறு ஆண்டும் களத்துக்கு வந்தனர் என்று கேட்போர் குறைவு. புதிதாகத் தேறியவர் விலகிப்போவது இன்று பல நாட்டுச் சங்கங்களின் கவலையாக இருக்கிறது. இக்கவலைக்குக் கிட்டத்தட்ட நூறாண்டு வரலாறு உண்டு.

முதல் உலகப் போருக்குப் பின் வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனியின் விசை வானூர்திகளுக்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. விசையற்ற பறத்தலின் பக்கம் இளைஞர் திரும்பினர். 1920இல் ஆஸ்கர் உர்சினுஸ் முன்னின்று நடத்திய போட்டியால் ரோன் மலைத்தொடரின் வாசர்குப்பே இவ்விளையாட்டின் தாயகமாயிற்று. அங்கே உருவான பயிற்சி முறையில் ஏ, பி, சி என மூன்று படிகள் இருந்தன. முதற்படிக்கு 30 விநாடி பறந்தால் போதும். நீலப் பின்னணியில் ஒன்று, இரண்டு, மூன்று வெண்ணிறக் கடற்காகங்கள் அப்படிகளின் அடையாளம்.

மூன்றாம் பறவையைப் பெற்றவர் அடுத்து என்ன செய்வது? தொடக்கக் காலத்தில் விடை இல்லை. காற்று மோதி எழும் மலைச்சரிவின் மேல் முன்னும் பின்னும் பறந்துகொண்டிருப்பதே அன்றைய கலை. 1920களின் இறுதியில் நிலைமை மாறியது. ஏற்ற இறக்கத்தின் வேகத்தைக் காட்டும் வேரியோமீட்டர், கண்ணுக்குப் புலப்படாத வெப்ப எழுகாற்றைத் தேடிப் பிடிக்க உதவியது. 1929இல் ஆஸ்திரியரான ராபர்ட் குரோன்ஃபெல்ட் 100 கிலோமீட்டரைக் கடந்தார். சரிவை விட்டு வெளியேற வழி பிறந்தது.

இப்புதிய வெளிக்கு ஏற்ப, 1930களின் தொடக்கத்தில் ‘வெள்ளி சி’ சின்னம் வகுக்கப்பட்டது. 5 மணி நேரப் பறத்தல், 1000 மீட்டர் உயர ஏற்றம், 50 கிலோமீட்டர் தொலைவு என்பன அதன் நிபந்தனைகள். முதற்சின்னம் வொல்ஃப் ஹிர்த்துக்கும் இரண்டாவது குரோன்ஃபெல்டுக்கும் கிடைத்தன. பின்னர்ப் பொன், வைரம் என ஏணி நீண்டது.

இந்நிபந்தனைகளின் சமூக விளைவு கருதத்தக்கது. 50 கிலோமீட்டர் செல்பவர் தம் களத்துக்குத் திரும்பும் உறுதியைத் துறக்கிறார். யாரோ ஒருவரின் வயலில் இறங்க நேரலாம். அவரையும் கிளைடரையும் மீட்டுவர வண்டியோடு தோழர்கள் செல்ல வேண்டும். உயரப் பதிவுக் கருவிக்கு முத்திரையிட்டுச் சான்றளிக்க ஒரு பார்வையாளர் வேண்டும். இன்று மீட்கப்பட்டவர் நாளை பிறரை மீட்கச் செல்வார். தனிமனிதச் சாதனைக்கான சின்னம் புதியவரைச் சங்கத்தின் உழைப்போடு பிணைத்தது. விலகாமல் நின்றோரை நிறுத்தியதில் இப்பிணைப்பின் பங்கு, பதக்க ஆசையின் பங்கைவிடக் குறைந்ததன்று.

ஆயினும் ஆர்வத்தைத் தக்கவைக்கும் ஏற்பாடு எதுவும் நோக்கத்திலிருந்து விலகித் தூயதாக நிற்பதில்லை. 1933க்குப் பின் நாஜி அரசு கிளைடர் சங்கங்களைத் தன்வயப்படுத்தியது. 1937இல் அவை தேசிய சோசலிசப் பறப்போர் படையின் கீழ் வந்தன. இளைஞரைப் படிப்படியாக ஈர்த்த அதே ஏணி வான்படைக்கு ஆள் சேர்க்கும் வாயிலாயிற்று. யூதரான குரோன்ஃபெல்ட் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தது. ஏணியின் இரண்டாம் சின்னத்துக்கு உரியவருக்கே அதில் இடமில்லாது போயிற்று. எத்தனை பேர் நிலைத்தனர் என்பதோடு, யார் நிலைக்க அனுமதிக்கப்பட்டனர் என்பதும் வரலாற்றாளர் கேட்க வேண்டிய கேள்வி.

இந்தியாவில் கிளைடர் பறத்தல் பெரும்பாலும் அரசு ஆதரவில் வளர்ந்தது. 1961இல் முதன்முதலாகப் பறந்த ரோகிணியில் ஆசிரியரும் மாணவரும் அருகருகே அமர்ந்தனர். உள்நாட்டிலேயே வடிவமைத்த அப்பயிற்சிக் கிளைடர் தொடக்கப் பயிற்சிக்கான அக்கறையின் சான்று. அந்த ஆசிரியர் இறங்கிவிட்ட பிறகு மாணவருக்குக் காத்திருந்தது என்ன என்பதையும் ஆவணங்களில் தேட வேண்டும். மீட்பு வண்டிகளின் குறிப்பேடுகள், சங்கங்களின் சந்தாப் பதிவுகள், வெள்ளிச் சின்ன விண்ணப்பங்கள் ஆகியவற்றை ஆண்டுவாரியாக ஒப்பிட்டால், சான்றிதழ்க் கணக்கு மறைக்கும் வரலாறு புலப்படும்.