‘இருந்திருந்தால்’ என்னும் சொல்

நடவாத வரலாற்றைக் கற்பனை செய்வோர் பலர் முதலில் வகுப்பது ஆட்சியாளர் பட்டியலே. போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே ஏலமலையை நோக்குவோர்க்கும் அத்தகைய பட்டியல் ஒன்று தோன்றக்கூடும்: தேவிகுளமும் பீருமேடும் தமிழகத்துடன் இணைந்திருந்தால்?

சையத் ஃபசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955இல் அவ்விரு வட்டங்களையும் கேரளத்திற்கே பரிந்துரைத்தது. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் திருவிதாங்கூரிலிருந்து சென்னை மாநிலத்திற்கு வந்தன, இம்மலைகள் வரவில்லை.

வந்திருந்தால், 1957இல் தேவிகுளத்தில் வென்ற ரோசம்மா புன்னூஸின் பெயர் அத்தொகுதிக்குரியதாகக் கேரளச் சட்டமன்றப் பட்டியலில் இடம்பெற்றிராது. 126 இடங்களில் 65 பேரின் ஆதரவோடு அமைந்த ஈ.எம்.எஸ். அரசின் கணக்கும் மாறியிருக்கும்.

ஆயினும் எப்பட்டியலிலும் ஏறாதோர் உண்டு. விடியுமுன் ஜீப்பில் போடிமெட்டு ஏறி, ஏலக்காய் பறித்து, மாலையில் இறங்கும் தொழிலாளப் பெண்களே அவர்கள். எல்லை எங்கு அமைந்திருப்பினும் அவர்கள் ஏறவேண்டிய மலை அதுவே.

நேர்ந்துவிட்டதை எண்ணி ‘இப்படிச் செய்திருந்தால்’ எனப் புலம்புவது ஷைத்தானின் செயலுக்கு வாயில் திறக்கும் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. கற்பனைப் பட்டியல் ஏக்கத்தை வளர்த்தால், மலைக்கு அப்பாலுள்ள அண்டை வீட்டாரைப் பகைவராகக் காட்டும். படிப்பினைக்காக வகுத்தால், ‘யார் ஆண்டிருப்பார்?’ என்பதோடு நில்லாது, ‘அப்பெண்களுக்கு யார் நீதி செய்திருப்பார்?’ என்றும் வினவும். அவ்வினாவுக்கு இன்று ஆள்வோரும் விடை கூறக் கடமைப்பட்டவர்களே.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.